தாத்தாவோட ஹெரால்டு காருக்கு பார்ட்ஸ்: லண்டனா, புதுப்பேட்டையா?

தி.நகர் வீட்டு ஷெட்டில் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறதா? பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டு பார்ட்ஸ்தான் இன்னும் கிடைக்குதே என ஆர்டர் போடும் முன் இதைக் கவனிங்க.

1961-ல் வண்டலூர் ஆலையில் தயாராகத் தொடங்கியபோது இங்கேயும் இரண்டு கதவு, 948 சிசி இன்ஜின்தான். பிறகு பிரிட்டன் 1147, 1296 சிசி எனப் போய்விட்டது. நம்ம ஹெரால்டு 948-லேயே நின்றது. 1968-ல் வந்த மார்க் 3-க்கு நான்கு கதவு. பிரிட்டனில் அப்படியொரு ஹெரால்டே கிடையாது! ஆக, பின் கதவுக்கு கண்ணாடியோ பீடிங்கோ வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் அலசணும். இல்லையேல், ஓடாமல் கிடக்கும் இன்னொரு மார்க் 3-ல் கழற்றணும்.

கிடைச்சதை மாட்டினால் என்ன? 2021 விதிப்படி, 50 வருஷம் தாண்டிய காருக்கு 'விஏ' விண்டேஜ் நம்பர் வாங்க, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பெரிய இன்ஜினுக்கு ஆசைப்பட்டால் அந்த நம்பர் கைவிட்டுப் போகலாம்.