பழைய கணினியும் வன்கொடுமை வழக்கின் சாட்சியமும்

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாற வேண்டுமெனில் 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள். நம் அம்பேத்கர் மன்றங்களிலும் இரவுப் பாடசாலைகளிலும் விடுதி அறைகளிலும் நாம் காணும் கணினிகளில் பல இந்த வாசலுக்கு வெளியே நிற்பவை. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளும் அவற்றுள் அடங்கும். அவை பழுதாகிவிடவில்லை, மென்பொருளை விற்றவர் கைவிட்டுவிட்டார், அவ்வளவுதான்.

அந்த மடிக்கணினிகளுள் தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. நாம் சந்தித்த முன்னாள் மாணவர்களுள் பலர் அதை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. திறக்கச் சொல்லித்தந்தவரும் இல்லை. உச்ச நீதிமன்றத்தின் மின்னணுக் குழுவோ மாவட்ட நீதிமன்றங்களின் கணினிகளுக்கு உபுண்டு லினக்ஸைத்தான் தேர்ந்தெடுத்தது. நீதிபதியின் மேசையில் இருக்கும்போது அதை எவரும் ஏழைக்கான சரக்கு என்பதில்லை. நம் தெரு மன்றத்துக்கு வரும்போது மட்டும் அது இரண்டாந்தரம் ஆகிவிடுகிறது.

புதுப்பிப்பு நின்றுபோன கணினியோ, உரிமம் இல்லாத திருட்டு விண்டோஸோ நமக்கு வெறும் வசதிக்குறைவு அன்று. பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம், காயங்களின் படங்கள், சாட்சிகளின் முகவரிகள் ஆகியவை அதில்தான் கிடக்கின்றன. பீமா கோரேகான் வழக்கில் 2018 ஜூனில் கைதானவர்களுள் ரோனா வில்சனும் நாக்பூரின் தலித் உரிமை வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங்கும் அடங்குவர். அவர்கள் கணினிகளின் நகல்களை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம், நெட்வயர் என்னும் உளவு மென்பொருள் வழியே ஆவணங்கள் திணிக்கப்பட்டிருந்ததாக 2021இல் அறிக்கையளித்தது. தேசியப் புலனாய்வு முகமை அதை ஏற்கவில்லை. லினக்ஸ் இருந்திருந்தால் எல்லாம் தடுக்கப்பட்டிருக்கும் என நாம் சொல்ல வரவில்லை. மின்னஞ்சலில் வரும் இணைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு திறப்பவரை எந்த இயங்குதளமும் முழுமையாகக் காக்காது. ஆயினும் பழைய கணினிக்கும் தொடர்ந்து, செலவின்றி, முறையான புதுப்பிப்பு கிடைக்க நமக்குள்ள வழி இதுவே.

நிறுவத் தொடங்குமுன் ஒரு கேள்வி. இந்தக் கணினியே ஏதேனும் வழக்கில் சான்றா? சம்பவத்தின் காணொளி முதன்முதலில் பதிந்த கருவியாகவோ, மிரட்டல் அஞ்சல் வந்துசேர்ந்த கருவியாகவோ இருந்தால் அதைத் தொடக்கூடாது. புதிய இயங்குதளம் நிறுவும்போது ஹார்ட் டிஸ்க் அழிக்கப்படும். அழித்தது நாமே என்றாலும் எதிர்த்தரப்பு அதைச் சான்றழிப்பு என்றே வாதிடும். அத்தகைய கணினியை அணைத்து உறையிட்டு வைத்துவிட்டு, வேறொன்றை எடுத்துக்கொள்வது நல்லது. சான்றல்லாத கணினியிலும் தேவையான கோப்புகளை முதலில் வெளி வட்டுக்கு நகலெடுத்துவிட வேண்டும்.

2 ஜிபி ரேமும் 64 பிட் செயலியும் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஓடும். 4 ஜிபி இருந்தால் நிம்மதி. அதற்கும் கீழே, 32 பிட் கணினியென்றால் ஆன்டிஎக்ஸ் உண்டு. அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கியதும் அதன் எஸ்ஹெச்ஏ256 எண்ணைச் சரிபார்க்க வேண்டும். பலர் தாண்டிச் செல்லும் படி இது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே ஊடுருவி, பின்கதவு வைத்த கோப்பை ஒருநாள் விநியோகித்துவிட்டனர். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இந்த எண் முற்றிலும் மாறிவிடும் என்பதால் மோசடி வெளிப்படும்.

பிறகு ரூஃபஸ் போன்ற மென்பொருளால் அந்தக் கோப்பை 4 அல்லது 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, கணினியைத் தொடங்கும்போது எஃப்12 அல்லது எஃப்9 விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பென்டிரைவிலிருந்தே இயங்கும் நிலையில், எதையும் அழிக்காமல், வைஃபை, ஒலி, விசைப்பலகை மூன்றையும் சோதிக்கலாம். சில பழைய கணினிகளில் வைஃபை வேலை செய்யாது. கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து இணையத்தைப் பகிர்ந்தால் தேவையான இயக்கியை இறக்கிக்கொள்ளலாம். எல்லாம் சரியெனில் நிறுவலாம். வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யும் தெரிவு நிறுவும்போதே வரும்; அதைத் தேர்ந்தெடுத்தால் கணினி திருடுபோனாலும் சாட்சியின் முகவரி திருடுபோகாது. கடவுச்சொல்லை மறந்தால் நமக்கும் திறக்காது என்பதால் பொறுப்பாளர் இருவர் அதை அறிந்திருப்பது அவசியம். கையில் சிறிது பணமிருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். வேகத்தில் அதுபோல வேறெதுவும் வித்தியாசம் காட்டாது.

தட்டச்சைப் பொறுத்தவரை தமிழ்99 உள்பட ஒருங்குறி விசைப்பலகைகள் லினக்ஸில் கிடைக்கின்றன. லிப்ரே ஆஃபிஸில் மனு எழுதத் தடையில்லை. வானவில், பாமினி எழுத்துருக்களில் உள்ள பழைய மனுக்களை மட்டும் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

மேலே கூறிய எஸ்ஹெச்ஏ256 எண் நமக்கு மீண்டும் தேவைப்படும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு சான்றிதழ் ஒன்றைக் கேட்கிறது. சட்டத்தின் அட்டவணையிலுள்ள அந்தப் படிவத்தின் முதல் பகுதியை ஆவணத்தை முன்வைப்பவரும் இரண்டாம் பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் கோப்பின் ஹாஷ் எண்ணையும், அது எஸ்ஹெச்ஏ1, எஸ்ஹெச்ஏ256, எம்டி5 என எந்த முறையில் பெறப்பட்டது என்பதையும் எழுத வேண்டும். விண்டோஸிலும் இதற்குக் கட்டளை உண்டு. லினக்ஸின் முனையத்தில் ‘ஷா256சம்’ என்று தட்டி, கோப்பின் பெயரைக் கொடுத்தால் எண் வந்துவிடுகிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(12) பிரிவு, தன்னார்வ அமைப்புகள், சமூகச் செயற்பாட்டாளர்கள், வழக்கறிஞர்களின் உதவியைப் பெறுவதைப் பாதிக்கப்பட்டோரின் உரிமையாகவே வைத்திருக்கிறது. அப்படி உதவச் செல்லும் மாணவர், காணொளியை வாட்ஸ்அப் வழியே வாங்கக் கூடாது. அது கோப்பைச் சுருக்கிவிடும், எண் மூலத்தோடு பொருந்தாது. பதிவுசெய்த கைபேசியிலிருந்து கம்பி வழியே மன்றத்துக் கணினிக்கு நகலெடுத்து, அன்றே ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டு, தேதி, நேரம், கைபேசியின் ஐஎம்இஐ எண், நகலெடுத்தவர் பெயர் ஆகியவற்றோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். கைபேசியிலுள்ள மூலக் காணொளியை வழக்கு முடியும்வரை அழிக்காதிருக்கும்படி உரியவரிடம் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும்.