இன்ஜினை இறக்கச் சொன்னால் புகையின் நிறத்தைக் கேளுங்கள்

எங்கள் பழைய டீசல் கார் ஒருநாள் மேம்பாலம் ஏறும்போது கன்னங்கரேலென்று புகை தள்ளியது. பின்னால் ஸ்கூட்டரில் வந்த பெண் முந்தானையால் பிள்ளையின் முகத்தைப் பொத்தியதைக் கண்ணாடியில் பார்த்தேன். மறுநாள் பட்டறைக்கு விட்டேன். ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “ரிங்கு போச்சு சார், இன்ஜினை இறக்கணும், அறுபதாயிரம் ஆகும்” என்றார்கள். மனசு கேட்காமல் இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் இன்ஜினை ஓடவிட்டு, டர்போவிலிருந்து காற்று போகும் ரப்பர் குழாயை அடிப்பக்கமாகத் தடவினார். விரல் நீளத்துக்குக் கிழிசல். குழாயை மாற்றியதும் கரும்புகை நின்றுவிட்டது. பிஸ்டன் ரிங்கு தேய்ந்தால் வருவது நீலப்புகை என்று அன்றைக்கே தெரிந்திருந்தால், முதல் பட்டறையிலேயே கேட்டிருப்பேன்.

கரும்புகை என்றால் எரிபொருள் கூடுதல், காற்று குறைவு. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் சில நூறு ரூபாயோடு வேலை முடிந்துவிடும். அடுத்து ஒழுகும் இன்ஜெக்டர், டீசல் காரில் கரி படிந்து சிக்கிக்கொண்ட ஈ.ஜி.ஆர். வால்வு, எங்கள் காரைப்போல் கிழிந்த குழாய். பெரும்பாலும் இவை இன்ஜினைப் பிரிக்காமலே தீரும்.

நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். இங்கேதான் வண்டிக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது, அது எப்போது வருகிறது என்று கவனிக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று வந்து அடங்கிவிட்டால் வால்வு சீல் மேல்தான் சந்தேகம். ராத்திரி முழுக்க ஆயில் அந்த வழியாகக் கசிந்து இறங்கியிருக்கும். கொடைக்கானலிலிருந்து ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கியரிலேயே இறங்கி, சமதளத்தில் மறுபடி மிதிக்கும்போது வந்தாலும் அதே சந்தேகம்தான். மேடு ஏறும்போதும் பாரம் இழுக்கும்போதும் விடாமல் வந்தால் ரிங்காக இருக்கலாம், டர்போ சீலாகவும் இருக்கலாம். வால்வு சீலை மாற்றப் பல கார்களில் இன்ஜினை இறக்கவே வேண்டியதில்லை. எனவே, “கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள், ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். அளவு குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது அளவு ஏறினால் ரிங்கு தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால், போன சர்வீஸில் ஆயிலை அளவுக்கு மீறி ஊற்றிவிட்டார்களா என்று டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதனாலும் நீலப்புகை வரும்.

குளிர்ந்த காலையில் சைலன்சரிலிருந்து வரும் மெல்லிய வெண்மை வெறும் நீராவி. இன்ஜின் சூடானபிறகும் அடர்த்தியாக வெள்ளைப் புகை வந்து, இனிப்பு வாடையும் அடித்து, கூலன்ட் அளவும் இறங்கிக்கொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்குமேல் ஓட்டாதீர்கள், ஹெட்டே கோணிவிடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது. டீசல் காரில் கண் எரியும் வெள்ளைப் புகை காலையில் மட்டும் வந்தால், குளோ பிளக்கிலிருந்து தொடங்கலாம்.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்திவிட்டது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. டர்போ சீல் உடைந்தால், டீசல் இன்ஜின் தன் ஆயிலையே குடித்துத் தானாக வேகமெடுக்கலாம். அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கிளட்ச் உள்ள காரில் பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் இன்ஜின் நின்றுபோகும். முடியாவிட்டால் இறங்கி விலகிவிடுங்கள்.

பதிவாகி ஓராண்டு முடிந்த ஒவ்வொரு வண்டிக்கும் புகைச் சான்றிதழ் கட்டாயம். பி.எஸ். 4 முதலான வண்டிகளுக்கு அது ஓராண்டு செல்லும், அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதம். மாசு விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்குப் போகும். வழியில் நிறுத்தும் அதிகாரிக்குப் புகை மேல் சந்தேகம் இருந்தால், வண்டியைச் சோதனைக்கு உட்படுத்தும்படி எழுத்தில் உத்தரவிடலாம். எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை.

ஆனால் சான்றிதழ் இருப்பதாலேயே இன்ஜின் நலம் என்று நம்பிவிடாதீர்கள். பெட்ரோல் வண்டிகளுக்கு நின்றபடி ஓடவிட்டு முக்கியமாகக் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறார்கள். மலை இறங்கி மறுபடி மிதிக்கும்போது மட்டும் வரும் நீலப்புகை அதில் சிக்காமல் போகலாம். சைலன்சரில் குழாயே செருகாமல் அச்சடித்துத் தரும் சான்றிதழை வாங்காதீர்கள். வாங்கினால், வரப்போகும் செலவை முன்கூட்டிச் சொல்லியிருக்கக்கூடிய ஒரு சோதனையை நீங்களே கைவிட்டுவிடுகிறீர்கள். புதிய டீசல் கார்களில் கரி வடிகட்டி அடைத்துக்கொண்டால் “அதைக் கழற்றி வீசிடலாம்” என்று சில இடங்களில் சொல்வார்கள். ஒப்புக்கொண்டால் சட்டவிரோத மாற்றத்துக்குப் பொறுப்பு வண்டி உரிமையாளர்தான். 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு.

பட்டறை ஏமாற்றிவிட்டதாகத் தோன்றினால், கோபத்தில் உடனே இன்னொரு பட்டறையில் இன்ஜினைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள். பிரித்துவிட்டால் சாட்சியம் போய்விடும். புகையை நேரம் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள், வேறொரு தகுதியான மெக்கானிக்கிடம் எழுத்துமூல அறிக்கை வாங்குங்கள், கழற்றிய பழைய பாகங்களையும் பில்லையும் கேட்டுப் பெறுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்.

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் போனதும் பானெட்டின் மேல் கையை வையுங்கள். காலைப் புகையை மறைக்க முன்கூட்டியே இன்ஜினைச் சூடேற்றி வைப்பவர்கள் உண்டு. சூடாக இருந்தால், மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.