ஹாலோவீன் விருந்து: குழந்தைகளுக்கான 'பேய்' தின்பண்டங்களில் கவனிக்க வேண்டியவை

அக்டோபர் 31-ஆம் தேதி கொண்டாடப்படும் ஹாலோவீன், பெங்களூரு, மும்பை, குருகிராம் போன்ற நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குழந்தைகள் விருந்தாக இடம்பிடித்துள்ளது. அதற்கான 'பேய்' தின்பண்டங்களை அடுப்பின்றியே செய்யலாம்.

வாழைப்பழத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழிருக்க நிறுத்தி, சாக்லேட் துணுக்குகளால் கண்ணும் வாயும் பதித்தால் வெள்ளைப் பேய் தயார். எலுமிச்சைச் சாறு தடவினால் பழம் விரைவில் கறுக்காது. தோலுரித்த ஆரஞ்சின் உச்சியில் வெள்ளரித் துண்டைச் செருகினால் பூசணிக்காய்.

கண்விழிகளுக்குப் பலரும் முழுத் திராட்சையையே வைக்கின்றனர். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் மூச்சுக்குழாயை அது அடைத்துவிடக்கூடும் என்பதால், நீளவாக்கில் நான்காக நறுக்கியே தர வேண்டும்.

பானத்தில் புகை எழுப்ப உலர் பனிக்கட்டி இடுவதை அறவே தவிர்க்க வேண்டும். திட நிலையிலுள்ள கார்பன் டை ஆக்சைடான இதன் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். விழுங்கினால் வாயும் உணவுக்குழாயும் புண்ணாகும். 2024 மார்ச்சில் குருகிராம் உணவகம் ஒன்றில், வாய்ப் புத்துணர்ச்சிக்கெனத் தரப்பட்ட உலர் பனிக்கட்டியை உட்கொண்ட 5 பேர் ரத்த வாந்தி எடுத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

மிரட்டுவதற்குப் புகை தேவையில்லை. மாதுளைச் சாற்றை 'ரத்தம்' என்று சொல்லிக் கொடுத்தாலே போதும்.