பழுதாகும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து தகவல்களைப் புதியதற்கு மாற்றுவது எப்படி?

நிக்காஹ் வீடியோ, பிள்ளைகளின் சிறுவயதுப் படங்கள், ஹஜ் பயணத்தில் எடுத்தவை, மவுத்தாகிவிட்ட வாப்பாவின் குரல் பதிவு, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன். இவையெல்லாம் இன்று பல வீடுகளில் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கின்றன. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது வாங்கி வந்த எக்ஸ்டர்னல் டிஸ்க். அலமாரியில் துணிகளுக்கு நடுவே ஐந்தாறு வருடமாகக் கிடக்கும். ஒருநாள் கணினியில் செருகினால் திறப்பதற்கே ஐந்து நிமிடம் பிடிக்கும். அல்லது 'டிக்... டிக்...' என்று உள்ளிருந்து சத்தம் வரும். அந்த நேரத்தில் பதற்றத்தில் செய்யும் காரியங்களால்தான் மீட்கக்கூடிய தகவல்களும் பல சமயம் மீட்க முடியாமல் போகின்றன. ஆகவே முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஹார்டு டிஸ்க்கினுள் கண்ணாடி போல் பளபளக்கும் வட்டத் தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. தகவலைப் படிக்கும், எழுதும் 'ஹெட்' என்ற சிறு பாகம் தட்டைத் தொடாமல், ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற நானோமீட்டர் கணக்கில் சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். இந்த இடைவெளியில் ஒரு தூசு புகுந்தாலோ, ஓடும்போது டிஸ்க் கீழே விழுந்தாலோ ஹெட் தட்டில் உரசிவிடும். உரசிய இடத்தில் இருந்த தகவல் போய்விடும். அங்கிருந்து பெயர்ந்த துகள்கள் தட்டின் மற்ற பகுதிகளையும் கீறும். பழுதான டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து என்று சொல்வது இதனால்தான்.

தட்டு முழுவதும் 'செக்டர்' என்ற சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பழைய டிஸ்க்குகளில் ஒரு செக்டர் 512 பைட். புதியவற்றில் 4,096 பைட். சில செக்டர்கள் கெட்டுப்போவது இயல்புதான். அதற்காகவே உபரி செக்டர்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். டிஸ்க்கே சத்தமில்லாமல் இடம் மாற்றிக்கொள்ளும். இந்தக் கணக்கை டிஸ்க் தனக்குள் குறித்து வைத்திருக்கிறது. அதற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். விண்டோஸில் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். அதில் 5, 197, 198 என்ற எண்ணுள்ள வரிகளைப் பாருங்கள். ஐந்து என்பது ஏற்கெனவே மாற்றப்பட்ட செக்டர்கள். 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 படிக்கவே முடியாதவை. இவை பூஜ்ஜியத்திலிருந்து ஏறத் தொடங்கினால் புதிய டிஸ்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறுதான். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

'ஸ்மார்ட் நல்லது என்று காட்டுகிறதே' என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. கூகுள் நிறுவனம் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. முதல் ஸ்கேன் பிழை தோன்றிய டிஸ்க், பிழையே இல்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று அதில் கண்டார்கள். அதே ஆய்வில், செயலிழந்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் எதையும் காட்டாமலேயே போயிருந்தன. எச்சரிக்கை வந்தால் நம்புங்கள். வரவில்லை என்பதை நம்பாதீர்கள்.

இப்போது உங்கள் டிஸ்க் எந்த வகைப் பழுதில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 'டிக் டிக்' என்ற தட்டல், உரசும் சத்தம், சுழலவே மறுப்பது, கீழே விழுந்தது, தண்ணீரில் நனைந்தது ஆகியவை உடல் ரீதியான பழுதுகள். உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தூசியற்ற அறை வசதியுள்ள மீட்பு நிலையத்துக்கு அனுப்புவது ஒன்றே வழி. வீட்டில் மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் படியும், அதோடு கதை முடிந்தது. அதே மாடலில் இன்னொரு டிஸ்க் வாங்கி சர்க்யூட் போர்டை மாற்றுவதும் இன்றைய டிஸ்க்குகளில் பெரும்பாலும் பலிக்காது; அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் அதன் போர்டிலுள்ள சிப்பில் இருக்கின்றன. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் போன்ற நேரத்தில் நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைத்து மாட்டிப் பார்க்கத்தான் கை போகும். தண்ணீர் காய்ந்தாலும் அதிலிருந்த சேறும் உப்பும் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடேயே பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்புவதுதான் சரி.

சத்தம் எதுவும் இல்லை, கணினி டிஸ்க்கை அடையாளம் காண்கிறது, ஆனால் மிக மெதுவாக இருக்கிறது, சில ஃபைல்கள் திறக்கவில்லை என்றால் வீட்டிலேயே முயலலாம். கணினி தெரிந்த ஒருவர் உடனிருப்பது நல்லது.

முதலில் செய்யக் கூடாதவை. 'இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 'செக் டிஸ்க்' ஓட்டாதீர்கள். அது பழுதான டிஸ்க்கின் மீதே எழுதித் 'திருத்தும்', அந்தத் திருத்தத்தில் ஃபோல்டர்களே காணாமல் போவதுண்டு. ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து காப்பி, பேஸ்ட் செய்வதும் இங்கே நல்ல வழியல்ல. ஒரு ஃபோல்டரிலுள்ள படங்கள் தட்டில் அடுத்தடுத்து இருக்கும் என்பதில்லை. ஹெட் அங்கும் இங்கும் ஓட வேண்டும். கெட்ட செக்டர் ஒன்று குறுக்கிட்டால் டிஸ்க் அதையே திரும்பத் திரும்பப் படிக்க முயன்று அங்கேயே நின்றுவிடும். முதல் ஐம்பது படங்களில் இரண்டு மணி நேரம் போராடியதில் மிச்சமிருந்த ஐம்பதாயிரமும் போய்விடலாம்.

ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. டிஸ்க் வழக்கமான வேகத்தில்தான் ஓடுகிறது, ஸ்மார்ட் எச்சரிக்கை மட்டும் வந்திருக்கிறது என்றால், பத்திரங்கள், குரல் பதிவு போன்ற சிறிய, ஈடில்லாத ஃபைல்களை முதலில் எடுத்து வைத்துவிடுவதே என் யோசனை. மெதுவாகிவிட்ட டிஸ்க்கில் இதையும் முயல வேண்டாம்.

சரியான முறை, டிஸ்க் முழுவதையும் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை அப்படியே நகலெடுப்பது. இதற்கு 'குளோனிங்' என்று பெயர். ஃபைல்களைத் தேடிப் பிரிக்கும் வேலையெல்லாம் பிறகு அந்த நகலின் மீதுதான். இதற்கென்றே ஆன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் எழுதிய 'குனு டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 'சிஸ்டம் ரெஸ்க்யூ' போன்ற லினக்ஸ் தொகுப்பைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் துவக்கினால் இதைப் பயன்படுத்தலாம். விண்டோஸைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. டிஸ்க்கைச் செருகியதுமே அது உள்ளே புகுந்து படங்களுக்கு முன்னோட்டம் தயாரிப்பது, குறிப்புகள் எழுதுவது என்று நாம் கேட்காத வேலைகளைத் தொடங்கிவிடும்.

டிடிரெஸ்க்யூவின் தனிச்சிறப்பு அது வேலை செய்யும் வரிசை. முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளையெல்லாம் வேகமாக அள்ளிக்கொள்ளும். பிழை வந்தால் நின்று போராடாமல் தாண்டிப்போகும். நல்ல பகுதிகள் பத்திரமான பிறகே, தாண்டிய இடங்களின் ஓரங்களிலிருந்து உள்நோக்கி வந்து, கடைசியில் ஒவ்வொரு செக்டராகச் சுரண்டிப் பார்க்கும். எது எடுக்கப்பட்டது, எது பாக்கி என்பதை 'மேப் ஃபைல்' என்ற சிறு குறிப்பில் எழுதிக்கொண்டே போகும். பாதியில் கரண்ட் போனாலும், டிஸ்க் சூடாகிவிட்டதென்று நீங்களே நிறுத்தினாலும், அந்தக் குறிப்பு இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப் ஃபைல் வைக்காமல் தொடங்குவது கணக்கெழுதாமல் கடை நடத்துவது போல. அதைப் பழுதான டிஸ்க்கில் வைத்துவிடாதீர்கள். பென் டிரைவில் வைத்தால் துவக்கிய தொகுப்பு அதை நிரந்தரமாகச் சேமிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நகல் போகும் புதிய டிஸ்க் பழையதன் அளவோ அதைவிடப் பெரியதாகவோ இருக்க வேண்டும். ஒரு டி.பி.க்கு இரண்டு டி.பி. வாங்கிவிட்டால் பிறகு ஃபைல்களைப் பிரித்தெடுக்கவும் இடம் இருக்கும். நகலை ஒரே பெரிய 'இமேஜ்' ஃபைலாகச் சேமிப்பதானால் அந்த டிஸ்க் பழைய ஃபேட் 32 முறையில் இருக்கக் கூடாது; அதில் ஒரு ஃபைல் நான்கு ஜி.பி.யைத் தாண்ட முடியாது. மிக முக்கியமாக, எது பழையது, எது புதியது என்பதை அளவையும் தொடர் எண்ணையும் பார்த்து இரண்டு முறை உறுதி செய்யுங்கள். இடம் மாறிக் கொடுத்துவிட்டால் வெற்று டிஸ்க்கின் பூஜ்ஜியங்கள் உங்கள் படங்களின் மேல் ஏறிவிடும். அதை எந்த நிலையத்தாலும் மீட்க முடியாது.

பொறுமை வேண்டும். நொடிக்கு 100 எம்.பி. வேகத்தில் ஒரு டி.பி. டிஸ்க் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வேகம் ஒரு எம்.பி.யாகச் சரிந்தால் அதே வேலைக்குப் பதினோரு நாட்களுக்கு மேல் ஆகும். டிஸ்க் மீது சிறு மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். இடையில் தட்டல் சத்தம் தொடங்கினால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும்.

நகல் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி, பெயர் எழுதி ஓரமாக வைத்துவிடுங்கள். இனி நகலில்தான் வேலை. பெரும்பாலும் ஃபோல்டர்கள் அப்படியே திறக்கும். திறக்காவிட்டால் 'டெஸ்ட் டிஸ்க்', 'போட்டோ ரெக்' என்ற இலவச மென்பொருள்கள் கைகொடுக்கும். பின்னது படங்களை மீட்கும், ஆனால் ஃபைல் பெயர்கள் திரும்பக் கிடைக்காது, எண்களாகவே வரும். எது யாருடைய கல்யாணம் என்று உம்மா உட்கார்ந்துதான் பிரிக்க வேண்டும்! எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் உறையை உடைத்து நேரடியாக இணைக்க நினைப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: சில மாடல்களில் உறையிலுள்ள சிறு போர்டே தகவல்களைப் பூட்டி எழுதுகிறது, அது இல்லாமல் இணைத்தால் குப்பையாகத்தான் தெரியும். 'பிட்லாக்கர்' போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கையில் இருக்க வேண்டும்.

எந்த அளவுக்கு மீட்க முடியும் என்பதற்கு ஓர் உதாரணம். 2003 பிப்ரவரி 1-ல் கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேருடன் சிதறிய கொலம்பியா விண்கலத்தின் இடிபாடுகளில் கருகிய ஒரு ஹார்டு டிஸ்க் கிடைத்தது. செனான் வாயுவைப் பற்றிய ஆய்வின் தகவல்கள் அதில் இருந்தன. அமெரிக்காவின் குரோல் ஆன்ட்ராக் நிறுவனம் ஏறக்குறைய எல்லாவற்றையும் மீட்டது. ஆய்வு முடிவுகள் 2008-ல் வெளியாயின. தட்டுகள் கீறப்பட்டிருந்தன, ஆனால் டிஸ்க் பாதிதான் நிரம்பியிருந்தது. சேதம் வெற்றுப் பகுதியில் விழுந்திருந்தது. இது எல்லோருக்கும் அமையாது.

மீட்பு நிலையத்துக்குக் கொண்டு போவதிலும் கவனம் வேண்டும். கொல்லிமலையில் பெரக்கரை நாட்டிலிருந்து ஒருவர் இப்படி ஒரு டிஸ்க்கோடு காரவள்ளி வழியாக நாமக்கல்லுக்கு இறங்குகிறார் என்று வையுங்கள்; வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பைக்கின் டேங்க் கவரிலோ பஸ்ஸின் மேல் தட்டிலோ வைத்தால் ஊர் போய்ச் சேர்வதற்குள் இன்னும் கெட்டிருக்கும். நிலைமின் தடுப்பு உறையில் இட்டு, நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் ஸ்பாஞ்ச் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு போவது நல்லது. மலை உயரத்தால் டிஸ்க் கெடுமோ என்ற பயம் வேண்டாம். பொதுவாக 3,000 மீட்டர் வரை ஓடும்படியே இவை செய்யப்படுகின்றன, கொல்லிமலை அதில் பாதி உயரம்கூட இல்லை.

கடையில் கொடுக்கும்போது நம் குடும்பங்கள் அதிகம் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வீட்டுப் பெண்களின் படங்கள் அந்த டிஸ்க்கில் இருக்கும். கடைக்காரர் எடுக்கும் முழு நகல் அவருடைய கணினியில் தங்கிவிடலாம். தெரிந்த, நம்பகமான இடத்தில் கொடுங்கள்; முடிந்தால் வீட்டு ஆண்மகனோ பெண்மணியோ உடனிருந்து எடுங்கள். வேலை முடிந்ததும் அவர்களிடமுள்ள நகலை உங்கள் கண் முன்னே அழிக்கச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். செத்துப்போன பழைய டிஸ்க்கையும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடாமல் உங்களிடமே திரும்ப வாங்கி, தட்டுகளை உடைத்த பிறகு எறியுங்கள்.

புதிய டிஸ்க்கில் ஏற்றியாகிவிட்டது என்றால் மறுபடியும் ஒரே இடத்தில் ஒரே நகல்தான் இருக்கிறது. கொல்லிமலை விவசாயிகள் சாமை, கேழ்வரகு விதைகளைச் சொந்தக் குதிரில் வைப்பதோடு, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு அங்கே அமைந்த சமுதாய விதை வங்கிகளிலும் வைக்கிறார்கள். ஒரு வீட்டில் பூச்சி விழுந்தாலும் விதை அற்றுப்போகாது. இன்னொரு டிஸ்க்கில் இரண்டாவது நகல் எடுத்து அக்கா வீட்டில் கொடுத்து வையுங்கள். பத்திரங்களை மட்டுமாவது இணையச் சேமிப்பில் ஏற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் செருகி, ஏதாவது பத்துப் படங்களையும் ஒரு வீடியோவையும் முழுதாகத் திறந்து பாருங்கள்.