அத்தை தேடிய மணல் எங்கே போச்சு? ஓசூரிலிருந்து ஒரு வீக்எண்ட் கடற்கரைப் பயணம்

"இன்னாடா இது, வெறும் கல்லா கெடக்குது? மணல் எங்கடா?"

சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி. புதுச்சேரி கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடி, டூப்ளே சிலைப் பக்கம். மணலில் இறங்கி நடக்கலாம் என்று செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார் அத்தை. கீழே கருங்கல் பாறைகள். அதில் மோதித் தெறிக்கிறது அலை. பின்னாடி நாலு பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது அழகான பின்னணி. அத்தைக்கு அப்படி இல்லை.

அவர் அப்பாவின் அக்கா. புதுச்சேரிக்கு வடக்கே பொம்மையார்பாளையத்தில் பிறந்தவர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரி மாப்பிள்ளையைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு 1985ல் பாரிஸ் பக்கம் போனார். மூணு வருஷம் கழித்து அப்பா சிப்காட் வேலைக்காக ஓசூர் வந்தார். பிறகு தாத்தா, பாட்டியையும் அழைத்து வந்துவிட்டார், ஊர் வீட்டையும் விற்றாகிவிட்டது. அதனால் அத்தை எப்போது இந்தியா வந்தாலும் பெங்களூரு ஏர்போர்ட், ஓசூர் வீடு, மறுபடி பெங்களூரு ஏர்போர்ட். இந்த ஆகஸ்ட் லீவில்தான், "சென்னையிலிருந்து ஃப்ளைட் போடுறேன், போற வழியில ஊரைப் பாத்துட்டுப் போலாம்" என்றார். அவர் மனசில் இருந்தது 1985ஆம் வருஷத்துக் கடற்கரை.

"கடல் தின்னுடுச்சு அத்தை" என்றேன். சொல்லும்போதே நாக்கில் இடறியது. டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து கடல் அரிப்புச் செய்தி நானே நாலைந்து போட்டிருக்கிறேன். 'கடல் சீற்றம்', 'ஊருக்குள் புகுந்த கடல்' என்று தலைப்பு வைத்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். கடல் ஏன் திடீரென்று தின்ன ஆரம்பித்தது என்று யாரும் கேட்பதில்லை. அன்று ராத்திரி ஹோட்டல் ரூமில் உட்கார்ந்து படித்த பிறகுதான், அத்தைக்கு நான் சொன்ன பதில் தப்பு என்று புரிந்தது.

மணல் நடக்கிறது

கடற்கரை மணல் ஓரிடத்தில் கிடக்கும் பொருள் இல்லை, ஓடும் ஆறு மாதிரி. அலை கரைக்கு நேராக வருவது அபூர்வம், பெரும்பாலும் சாய்ந்துதான் வரும். சாய்ந்து வரும் அலை ஒரு பிடி மணலைக் கரையில் சாய்வாகவே ஏற்றும். தண்ணீர் திரும்பும்போது அந்த மணல் நேராகக் கீழே இறங்கும். அடுத்த அலை மறுபடி சாய்வாக ஏற்றும். இப்படி ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி, ஒவ்வொரு துகளும் கரையோரமாகவே நகர்ந்துகொண்டு போகும்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அலை தெற்கிலிருந்து வருவதால் மணல் வடக்கே போகும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தெற்கே திரும்பும். ஆனால் வடக்கே போகும் காலம் அதிகம், அளவும் அதிகம். வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கு நோக்கித்தான் போகிறது. நாங்கள் மறுநாள் ஈ.சி.ஆரில் காரில் போகப்போகும் அதே திசை.

இந்த மணல் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி ஆறுகள் கொண்டுவந்து கொட்டுவது. இங்கேதான் ஓசூர்க்காரனாகிய எனக்கு ஒரு அதிர்ச்சி. புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் அருகே கடலில் கலக்கும் ஆறு தென்பெண்ணை. கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கழிவுநீரையும் வாங்கிக்கொண்டு, கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாகப் பொங்குகிறதே, அதே ஆறு. அந்த நுரையை ரீல்ஸ் எடுத்துப் போட்டிருக்கிறோம். அது எங்கே போய்ச் சேருகிறது என்று யோசித்ததில்லை.

சனிக்கிழமை காலை கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று சுமார் 270 கி.மீ. ஓட்டினோம். கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரிலிருந்து கடல் வரைக்கும் இறக்கம்தான். சாலைக்குத் தெற்கே, கொஞ்சம் தள்ளி, ஆறும் அதே திசையில்தான் இறங்குகிறது. ஆனால் தண்ணீர் கடலுக்கு வந்து சேரும் அளவுக்கு மணல் வந்து சேர்வதில்லை. 1950களில் கட்டிய கிருஷ்ணகிரி அணையும் சாத்தனூர் அணையும், பிறகு வந்த கெலவரப்பள்ளியும் மணலையும் வண்டலையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அணைக்குக் கீழே மிச்சமிருப்பது லாரியில் ஏறுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டி, சாத்தனூரைத் திறந்துவிட்டு, விழுப்புரம், கடலூர் வரைக்கும் வெள்ளம் போனதே, அந்த மாதிரி நாட்களில்தான் இந்த ஆறு முழு வேகத்தில் கடலைப் பார்க்கிறது.

ஆனாலும் அத்தையின் மணல் காணாமல் போனதற்கு அணை முதல் காரணம் இல்லை. அதற்கு முன்னாடி வேறொரு கதை இருக்கிறது.

1986ல் என்ன நடந்தது?

அத்தை விமானம் ஏறிய அடுத்த வருஷம் புதுச்சேரி நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுக வேலை தொடங்கியது. 1989 வாக்கில் முடிந்தது. படகுகளும் கப்பல்களும் அலையில்லாமல் உள்ளே வர, கடலுக்குள் இரண்டு கல் சுவர்கள் நீட்டப்பட்டன. தெற்கிலிருந்து வந்த மணல் ஆறு அந்தச் சுவரில் முட்டி நின்றது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்து கரை கடலுக்குள் வளர்ந்தது. வடக்கே? அலை வழக்கம்போல் மணலை எடுத்துக்கொண்டு வடக்கே போய்க்கொண்டே இருந்தது. எடுத்த இடத்தை நிரப்ப தெற்கிலிருந்து எதுவும் வரவில்லை.

வங்கிக் கணக்கு மாதிரி யோசித்துப் பாருங்கள். ஈ.எம்.ஐ. மாசா மாசம் போகிறது, சம்பளம் மட்டும் நின்றுவிட்டது. சில வருஷங்களில் பேலன்ஸ் பூஜ்யம். நகரத்தைக் காப்பாற்றப் பாறைகளைக் கொட்டினார்கள். அத்தை பார்த்த கல் அதுதான்.

இதில் எனக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. இப்படி ஆகும் என்பது அப்போதே தெரியாத விஷயம் இல்லை. தெற்கே சேரும் மணலை பம்ப் மூலம் வடக்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்பது துறைமுகத் திட்டத்திலேயே பேசப்பட்டது. அது சரியாக நடக்கவில்லை. சுவருக்கு இருந்த அவசரம் பம்ப்புக்கு இல்லை.

அதே 1986ல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் இதே மாதிரி ஒரு முகத்துவாரத்தில் கல் சுவர் கட்டினார்கள். அங்கேயும் மணல் வடக்கே போகும் கரைதான். சுவரோடு சேர்த்தே பம்ப் நிலையத்தையும் கட்டி, அன்றிலிருந்து மணலை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அதற்குத் தெற்கே ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில், நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து என்ற இரண்டு மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டு 2001லிருந்து எல்லை தாண்டி மணலை பம்ப் செய்கின்றன. அத்திப்பள்ளி எல்லைக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இது நம்பவே முடியாத செய்தி. ஒரு ஆற்று நுரைக்கே இரண்டு மாநிலமும் மாறி மாறிக் கை காட்டுவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள்.

புதுச்சேரியில் கொஞ்சம் நல்ல செய்தியும் உண்டு. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கியது. அலை அதில் மோதி வலு குறைந்தது, உள்ளே மணல் தங்கியது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அத்தையை அங்கே கூட்டிப்போனோம். சின்ன மணல்வெளிதான். குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அத்தை அங்கே கால் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பொம்மையார்பாளையம், ஞாயிறு காலை

நகரத்தைக் கல் காப்பாற்றிவிட்டது. ஆனால் கல் மணலை உண்டாக்காது. அரிப்பு வடக்கே நகர்ந்தது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாக. புதுச்சேரி எல்லை முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடம். சுவர் ஒரு நிர்வாகத்தில், இழப்பு இன்னொரு நிர்வாகத்தில்.

அத்தை வழி காட்டினார். வழி சரிதான், ஊர்தான் நடுவில் நின்றுவிட்டது. "இங்கேருந்து தென்னந்தோப்பு, அப்புறம் படகு நிக்கிற எடம், அதுக்கப்புறம்தான் தண்ணி" என்று கையை நீட்டினார். கை நீண்ட இடத்தில் தண்ணீர் இருந்தது. கரையிலிருந்து கடலுக்குள் நேராக நீளும் தூண்டில் வளைவு என்கிற கல் வரிசை ஒன்று. அதன் ஒரு பக்கம் கொஞ்சம் மணல், மறுபக்கம் கரை அறுந்து நின்றது. பெரிய சுவர் செய்ததையே இந்தச் சின்னச் சுவரும் செய்கிறது. தெற்குப் பக்கம் பிடித்துக்கொள்ளும், வடக்குப் பக்கம் பட்டினி போடும். அதனால் அடுத்த ஊருக்கு இன்னொன்று கட்ட வேண்டும்.

வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அத்தை பேச்சுக் கொடுத்தார். தாத்தாவின் பெட்டிக்கடையை அவருக்கு ஞாபகம் இருந்தது. "கரைவலை இழுக்க மணல் வேணும்மா. நீளமா வேணும். இப்ப கல்லு மேல நின்னா வலை இழுப்பாங்க? படகு ஏத்தவே எடமில்ல" என்றார். செய்தி அறையில் நாங்கள் 'கடல் அரிப்பு' என்று எழுதும்போது வீடு இடிந்தால்தான் படம் போடுவோம். ஒரு தொழில் நிற்க இடமில்லாமல் போவதற்குப் படம் கிடையாது.

அத்தை கல் வரிசை ஓரமாகக் காலை நனைக்கப் போனார். பெரியவர் சத்தம் போட்டார்: "கல்லோரம் போகாதம்மா, இழுத்துடும்!"

வீக்எண்டுக்கு இந்தப் பக்கம் வரும் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கரையோரமாக நகரும் தண்ணீர் கல் வரிசையில் முட்டும்போது, போக வேறு வழியில்லாமல் கல்லை ஒட்டியே கடலுக்குள் திரும்பும். மேலே பார்த்தால் அலை குறைவாக, அமைதியாகத் தெரியும். அதனால்தான் நீச்சல் தெரியாதவர்கள் அங்கேயே இறங்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், அது ஆளைச் சோர வைத்துவிடும். மிதந்தபடி கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள். முடிந்தால் கல்லை விட்டு விலகி, கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வாருங்கள்.

இது ஒரு ஊர் கதையா?

இல்லை. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கடற்கரையை ஆய்வு செய்தது. இந்தியக் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் சுமார் 43%, புதுச்சேரியில் 56%. எல்லாவற்றுக்கும் துறைமுகம் காரணம் இல்லை. புயல், கடல்மட்ட உயர்வு, ஆறுகளில் மணல் குறைவது எல்லாம் சேர்ந்துதான். ஆனால் ஒரு பக்கம் வீங்கி, இன்னொரு பக்கம் ஒட்டிப்போன கரையைப் பார்த்தால் நடுவில் ஒரு சுவர் இருக்கிறதா என்று தேடலாம்.

அதற்கு நம்மிடமே மிகப் பழைய உதாரணம் இருக்கிறது. ஈ.சி.ஆரில் மரக்காணம் உப்பளங்களையும் கல்பாக்கத்தையும் தாண்டி, மாமல்லபுரத்தில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மாலை மெரினா போய்ச் சேர்ந்தோம். ராத்திரி அத்தைக்கு ஃப்ளைட்.

மெரினாவின் மணல்வெளி இன்றைக்கு இருக்கும் அகலத்துக்கு எப்போதும் இருந்ததில்லை. 1870களில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் போன பிறகு, அதற்குத் தெற்கே தேங்கிய மணலில்தான் அது வளர்ந்தது. 1884ல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு மெரினா என்று பேர் வைத்தார். நாம் சுண்டல் சாப்பிடுவது ஒரு துறைமுகத்தின் பக்கவிளைவின் மேல் உட்கார்ந்துதான்.

அத்தை மறுபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். நடந்துகொண்டே இருந்தார்.

"தண்ணிகிட்ட போறதுக்குள்ள கால் வலிக்குது. இவ்ளோ மணலா?"

"இது நம்ம ஊர் மணல் இல்லக்கா. ஆனா கதை அதேதான்" என்றார் அப்பா. முந்தின நாள் ராத்திரி நான் படித்துச் சொன்னதை அவரே சொந்தமாக விளக்கினார், துறைமுகம் இருக்கும் பக்கம் கை காட்டி.

அத்தை அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுக்கு அந்தாண்ட என்ன ஊருடா?"

"ராயபுரம், காசிமேடு."

"அங்க?"

"கல்லுதான்க்கா."