பெட்ரோலைக் குடிக்கும் பழைய வண்டி: பார்ட்ஸ் மாற்றும் முன் கேட்க வேண்டிய கேள்வி

பழைய பெட்ரோல் வண்டி கரும்புகை விட ஆரம்பித்தால் நம்ம ஊரில் நடப்பது ஏறக்குறைய ஒரே வரிசைதான். முதலில் பிளக் மாற்றுவார்கள். அடுத்து ஏர் ஃபில்டர், அப்புறம் ஆக்ஸிஜன் சென்சார். எதுவும் சரிப்படவில்லை என்றால், "ஈசிஎம் போயிடுச்சு சார்." புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய வியாதி. பிழை எங்கே என்று தெரியாமல் கண்ணில் பட்ட வரியை எல்லாம் மாற்றிப் பார்ப்பது. வித்தியாசம் என்னவென்றால், இங்கே ஒவ்வொரு வரிக்கும் காசு.

நான் குறிப்பு எடுத்த வண்டி 2006 மாடல் மாருதி ஆம்னி கார்கோ. பருத்திப்பட்டில் எங்கள் தெருவுக்குத் தண்ணி கேன் போடும் அண்ணனுடையது. ஆம்னி கணக்குப்படி பிக்கப் இல்லை. ஆனால் குட்டி யானை வருவதற்கு முன் நம் தெருக்களில் பிக்கப் வேலையைப் பார்த்தது அதுதான். 796 சிசி, மூன்று சிலிண்டர், இவருடையது எம்பிஎஃப்ஐ. லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி 9-க்கு இறங்கிவிட்டது. புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு 2.1 சதவீதம். பாரத் ஸ்டேஜ் 2, 3 வகை நான்கு சக்கர பெட்ரோல் வண்டிக்கு அனுமதி 0.5 சதவீதம்தான். பிளக்கும் ஃபில்டரும் ஏற்கெனவே மாற்றியாயிற்று. அடுத்து ஈசிஎம் என்று சொல்லியிருந்தார்கள்.

ரிச் என்றால் என்ன?

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று அதற்குக் குறைந்தால், அதாவது பெட்ரோல் கூடினால், அது ரிச். பாதி எரிந்த கார்பன் மோனாக்சைடாகவும், எரியாத கரியாகவும் வெளியே வரும். பிளக் முனை காய்ந்த கறுப்பாக, தொட்டால் விரலில் ஒட்டும்.

இது மைலேஜ் பிரச்சினை மட்டும் இல்லை. கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிட்டு, கீழே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தாலே தெரியும். ஆம்னியில் இன்னொன்று: எஞ்சின் இருப்பது முன் சீட்டுக்கு அடியில். எக்ஸாஸ்டில் ஒரு ஓட்டை இருந்தால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உட்கார்ந்திருப்பவர் பக்கம் வர வாய்ப்பு உண்டு. நாள் முழுக்க அந்த சீட்டில் இருக்கும் ஆளுக்கு இது உயிர் விஷயம்.

கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?

1976-இல் பாஷ் நிறுவனத்தின் லாம்டா சென்சார் வால்வோ காரில் வந்தது. எக்ஸாஸ்டில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ரிச் என்றால் 0.9 வோல்ட் பக்கம், லீன் என்றால் 0.1 பக்கம். கம்ப்யூட்டர் அதைப் பார்த்து பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். நம் ஊரில் 1995 ஏப்ரலில் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. மூவழி கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய கலவை 14.7-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பின்னூட்டச் சுற்று.

ஆகவே எந்த பார்ட்டையும் தொடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: பெட்ரோல் கூடுவது கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? மூன்று பதில்கள் உண்டு.

ஒன்று, தெரியும், குறைக்கப் பார்க்கிறது, முடியவில்லை. பெட்ரோல் வேறு வழியில் கசிகிறது. ஒழுகும் இன்ஜெக்டர், கிழிந்த பிரஷர் ரெகுலேட்டர் டயாஃபிரம், மூடாத பர்ஜ் வால்வு. ரெகுலேட்டரின் வேக்வம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

இரண்டு, தெரியாது, லீன் என்று நம்பிக்கொண்டு கூட்டுகிறது. சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் விரிசல் இருந்தால் வெளிக் காற்று உள்ளே போய் சென்சாரை ஏமாற்றும். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டாலும் அப்படித்தான். பெட்ரோல் நாற்றம் அடிக்கும். ஆனால் எரியாத சிலிண்டரின் ஆக்ஸிஜனும் வெளியே வருவதால் சென்சார் "லீன்" என்றே சொல்லும். பல நல்ல சென்சார்கள் குப்பைக்குப் போவது இங்கேதான்.

மூன்று, தெரிந்தே கொடுக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கிறது, அல்லது முழு லோடில் ஓடுகிறது என்று தகவல் வந்தால் கம்ப்யூட்டர் லாம்டா பேச்சைக் கேட்காது. வேண்டுமென்றே கூடுதலாக ஊற்றும். மேப் சென்சாரின் ஹோஸ் வெடித்திருந்தால் முழு லோடு என்று நினைக்கும். கூலன்ட் சென்சார் தப்பாகச் சொன்னால், இன்னும் சூடாகவில்லை என்று நினைக்கும்.

2013 ஏப்ரலில் இருந்து ஓபிடி-2 கட்டாயம். அந்த வண்டிகளில் ப்ளூடூத் ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம் பார்த்தாலே போதும். மைனஸ் 20 என்றால் முதல் பதில், பிளஸ் 20 என்றால் இரண்டாவது. டிரிம் அசையாமல் பூஜ்யத்தில் நின்று, சுற்று திறந்தே இருப்பதாக ஸ்கேனர் காட்டினால் மூன்றாவது. 2006 வண்டியில் அந்த வசதி இல்லை. ஒரு மல்டிமீட்டர் போதும்.

அளந்தது என்ன?

ஆவடி வரை போய் வந்து, ஐடிலில் விட்டு லாம்டா கம்பியில் அளந்தேன். 0.85 வோல்ட்டில் அப்படியே நின்றது. சென்சார் ரிச் என்று சரியாகத்தான் சொல்கிறது. ஆகவே இரண்டாவது பதில் அடிபட்டது. வேக்வம் ஹோஸ் காய்ந்திருந்தது. மேப் ஹோஸ் முழுசாக இருந்தது.

அடுத்து கூலன்ட் சென்சார். சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை இது. பொதுவாக 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். இருபது நிமிடம் ஓடிய எஞ்சினில் 800 ஓம் காட்டியது. அதாவது 50 டிகிரி பக்கம். சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லத் தோன்றும் இடம். கழற்றி, 80 டிகிரி வெந்நீரில் போட்டு அளந்தேன். 310 ஓம். சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. எஞ்சின் நிஜமாகவே சூடாகவில்லை!

தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைத் திறந்தோம். உள்ளே காலி. எப்போதோ ஒரு கடையில் கழற்றிவிட்டிருக்கிறார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குண்ணே" என்று சொன்னது அண்ணனுக்கு ஞாபகம் வந்தது.

அந்த வாதத்தில் ஒரு காலத்து நியாயம் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டியில் சோக்கை உள்ளே தள்ளிவிட்டால் அப்புறம் கலவைக்கு எஞ்சின் சூட்டின் கணக்கு கிடையாது. வண்டி கொதிப்பதுதான் பெரிய பயம். எம்பிஎஃப்ஐ வந்த பிறகு தெர்மோஸ்டாட் கூலிங் பார்ட் மட்டும் இல்லை, பெட்ரோல் கணக்கிலும் அதற்குப் பங்கு உண்டு. ஏர் ஃபில்டர் ஆலோசனையும் இதே மாதிரி. அடைத்த ஃபில்டர் கார்புரேட்டரை ரிச் ஆக்கும். மேப் சென்சார் உள்ள வண்டியில் அழுத்தத்தை அளப்பது ஃபில்டருக்கு அப்புறம் என்பதால் இழுவைதான் குறையும்.

82 டிகிரியில் திறக்கும் புது தெர்மோஸ்டாட், சில நூறு ரூபாய். போட்ட பிறகு லாம்டா வோல்ட்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஆட ஆரம்பித்தது. அந்த ஆட்டம்தான் ஆரோக்கியம். கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம். மைலேஜ் 13. பெட்ரோல் கலந்த பழைய ஆயிலையும் மாற்றச் சொன்னேன்.

இப்போது எல்லாப் பழியும் எத்தனால் மேல் விழுவதால் ஒரு வார்த்தை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 14.7 என்பது சுமார் 13.5-ஆக இறங்கும். அதாவது அதே அளவு ஊற்றினால் கலவை லீன் பக்கம் போகும். மைலேஜ் கொஞ்சம் குறையலாம், பழைய ரப்பர் பாகங்கள் பாதிக்கப்படலாம். கரும்புகைக்கு அது காரணம் இல்லை.

உங்கள் வண்டியிலும் இதே அறிகுறி என்றால், ஸ்டார்ட் செய்த இரண்டு நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸை, ஃபேனில் கை படாமல், தொட்டுப் பாருங்கள். குளிர்ந்தே இருந்து, பல நிமிடம் கழித்துச் சட்டென்று சுட வேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெதுவாக வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. ஈசிஎம் விலை கேட்பதற்கு முன் செய்ய வேண்டிய, காசில்லாத சோதனை இது.