முழங்கை வலிக்கு ஊசி போடலாமா?

நல்லதண்ணியில் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு முழங்கை வலி. காலையில் தேநீர்க் கோப்பையைத் தூக்கவே கை மறுக்கிறது என்பார்கள். இதற்கு வைத்தியத்தில் 'டெனிஸ் எல்போ' என்று பெயர். டெனிஸ் விளையாடாதவர்களுக்கும் இது வரும்.

மணிக்கட்டைப் பின்னுக்கு வளைத்து, விரல்களை இறுக்கி, ஒரே அசைவைப் பல மாதங்கள் செய்யும்போது, முழங்கையின் வெளிப்பக்க எலும்போடு சேரும் தசைநார் நலிவடைகிறது. துணி பிழிகின்ற, கிணற்றில் நீர் அள்ளுகின்ற வன்னிச் சகோதரிகளுக்கும் இந்த வலி தெரிந்திருக்கும்.

"ஊசி ஒன்னு போட்டா நாளைக்கே மலைக்குப் போகலாந்தானே மிஸ்?" என்று ஓர் அக்கா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. கொழுந்து குறைந்தால் அரைப்பேர்; போகாவிட்டால் அதுவும் இல்லை.

பொதுவாகப் போடப்படுவது ஸ்டீரோயிட் ஊசி. நெதர்லாந்தில் 185 பேரிடம் செய்த ஆய்வொன்று 2002இல் வெளிவந்தது. ஆறு கிழமையில் ஊசி போட்டவர்களில் 92 சதவீதமானோர் தேறியிருந்தனர். இயன்மருத்துவம் பெற்றவர்களில் 47 சதவீதம், பொறுத்திருந்தவர்களில் 32 சதவீதம். ஒரு வருடத்தின் பின் கணக்கு மாறியது: ஊசிக்கு 69, இயன்மருத்துவத்துக்கு 91, பொறுத்திருந்தவர்களுக்கு 83. 2013இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வில், ஸ்டீரோயிட் போட்டவர்களில் 54 சதவீதமானோருக்கு வலி திரும்பியது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் 12 சதவீதமானோருக்கே திரும்பியது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த ஊசி சில நாட்களுக்குச் சீனியைக் கூட்டும்.

நம் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, சிறுதட்டுக்கள் செறிந்த பகுதியை ஏற்றும் 'பிஆர்பி' ஊசியும் உண்டு. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2021ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு, போலி ஊசியைவிட இதில் குறிப்பிடத்தக்க நன்மை இல்லை என்றே முடித்தது. இதற்காகக் கடன்பட வேண்டாம்.

என்ன செய்யலாம்? முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடியுங்கள். மற்றக் கையின் உதவியோடு உயர்த்தி, மெதுவாகத் தாழ்த்துங்கள். வலி கூடினால் பாரத்தைக் குறையுங்கள். வாளி தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கட்டும். விரல் மரத்தாலோ, முழங்கை வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.

ஊசி போடுவதென்றால், "ஒரு வருடத்தில் என்னவாகும்? வேறு வழி உண்டா?" என்று முதலில் கேளுங்கள். சில கிழமைகளுக்கு இலகு வேலை தேவை என்று வைத்தியரிடம் எழுதி வாங்கித் தோட்டத்தில் கொடுங்கள். வீட்டில் தண்ணீர் வாளியை மற்றவர்களும் தூக்கட்டும். அந்தக் கைக்கு வேண்டியது முதலில் ஆறுதல். அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கமில்லை.